ஏற்காட்டில் பள்ளிக்கூடம் யாருக்கு?

சென்ற தை மாதத்தில் நாம் சேர்வராயன் மலைக்குப் போய் வந்தோம். ஊர் சுற்றிப் பார்ப்பதற்காக அல்ல. ஏரியையும் படகையும் பக்கோடா முனையையும் பார்க்க வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழி சொல்லப் பத்திரிகைகளும் இருக்கின்றன. அந்த மலையிலே பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது, அதிலே யார் வீட்டுப் பிள்ளை படிக்கிறது, யார் வீட்டுப் பிள்ளை நின்றுவிடுகிறது என்று கண்ணால் பார்த்து வரவே போனோம்.

சேலத்திலிருந்து புறப்பட்ட பஸ் இருபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றி ஏறியது. காலை நேரம். மூடுபனி விலகவில்லை. மேலே போனதும் முதலில் கண்ணில் பட்டவை அகன்ற மைதானங்கள், கல் கட்டடங்கள், ஒழுங்காக வெட்டப்பட்ட புல்தரை. கழுத்துப்பட்டை கட்டிய பிள்ளைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து சற்றுத் தள்ளி, சில்வர் ஓக் மரங்களின் ஓரமாக, நாலைந்து சிறுவர் சிறுமியர் தோளில் பையோடு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் சீருடை உண்டு, அரசாங்கம் கொடுத்தது. எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று கேட்டோம். அவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்குத் தெரியவில்லை. "விடியறதுக்குள்ள கெளம்பிருவோமுங்க" என்றான் ஒருவன். மலையிலே தூரத்தை அளக்க அதுவே சரியான அளவு என்று பின்னால் நாமே நடந்து பார்த்தபோது தெரிந்துகொண்டோம்.

ஏற்காடு என்றால் இந்தியா முழுவதும் அறிந்தவர்களுக்கு நினைவுக்கு வருவது காப்பி. அடுத்தது மான்போர்ட் பள்ளி. புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளி அது. நூறாண்டைக் கடந்துவிட்டது. 1983இல் உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் குழுவில் மற்ற எல்லோரையும்விட அதிகமாகப் பதினெட்டு விக்கெட் எடுத்தாரே ரோஜர் பின்னி, அவர் படித்தது அங்கேதான். நடிகர் விக்ரம் படித்தது அங்கேதான். எழுத்தாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சசி தரூர் சிறு வயதில் சிறிது காலம் இருந்ததும் அங்கேதான். பெண்பிள்ளைகளுக்கு அதற்கும் முன்னரே, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள், கன்னியர்கள் பள்ளி வைத்துவிட்டார்கள். நல்ல பள்ளிகள். ஒழுங்காக நடத்தப்படுகிற பள்ளிகள். இதைச் சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை. பிறர் செய்த நல்ல வேலையைக் குறை கூறி நம்முடைய வேலையின் குறையை மறைக்கிற பழக்கம் நமக்கு வேண்டாம்.

ஆனால் தோழர்களே, இத்தகைய பள்ளிகளை நாட்டிலே "பப்ளிக் ஸ்கூல்" என்று அழைக்கிறார்களே, அந்தச் சொல்லை நினைத்துப் பாருங்கள். பப்ளிக் என்றால் பொதுமக்கள். பொதுமக்கள் பள்ளி! இங்கிலாந்திலே ஈட்டன் என்ற பள்ளியை ஆறாம் ஹென்றி மன்னன் 1440இல் நிறுவியபோது எழுபது ஏழைச் சிறுவர்கள் இலவசமாகப் படிப்பதற்கென்றே நிறுவினான். பிறகு அங்கே பிரபுக்களின் பிள்ளைகள் வந்தார்கள், கட்டணம் வந்தது, ஏழைகள் ஓரத்துக்குப் போனார்கள், பெயர் மட்டும் "பப்ளிக்" என்றே நின்றுவிட்டது. அந்தப் பெயரைத்தான் கப்பலேற்றி நம் நாட்டுக்கும் கொண்டுவந்தார்கள். பொதுமக்களின் பிள்ளை படிக்கிற பள்ளிக்கு நம் ஊரில் என்ன பெயர்? "கவர்மெண்டு ஸ்கூல்" என்று, மூக்கைச் சற்றுச் சுளித்துக்கொண்டு சொல்கிறார்கள்.

மலையின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சேர்வராயன் மலையில் வெள்ளைக்காரன் கால் வைப்பதற்கு நெடுங்காலம் முன்னரே மக்கள் இருந்தார்கள். மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளிகள் அல்லர். மலையை ஆண்டவர்கள் என்று பொருள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் வந்தார்கள், ஒருவர் சேர்வராயன் மலைக்கும் மற்ற இருவர் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் பழங்கதை. 1909இல் தர்ஸ்டன் துரை வெளியிட்ட தென்னிந்திய சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் இவர்களைப் பற்றியும் எழுதிவைத்திருக்கிறார். தமிழ் பேசுகிறவர்கள், சாமையும் ராகியும் விளைத்தவர்கள், நாடு பிரித்து, பட்டக்காரன் வைத்து, தங்கள் வழக்கைத் தாங்களே தீர்த்துக்கொண்டவர்கள்.

1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். காப்பி பிடித்துக்கொண்டது. துரைமார்கள் வந்தார்கள். காடு தோட்டமாயிற்று. தோட்டத்துக்கு ஆள் வேண்டும். தங்கள் நிலத்தில் உழுதுகொண்டிருந்த மலையாளி கூலிக்கு வந்தான். கீழேயிருந்து தாழ்த்தப்பட்ட மக்களும் குடும்பம் குடும்பமாக மலையேறி வந்து லைன் வீடுகளில் குடியேறினார்கள். காப்பி மலையிறங்கிக் கப்பலேறியது. மிளகு இறங்கியது. பின்னாளிலே மலையின் மண்ணையே வெட்டி, பாக்சைட் என்று லாரிகளில் ஏற்றி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறக்கினார்கள். இறங்கியதெல்லாம் கணக்கில் இருக்கிறது. மேலே ஏறியது என்ன?

பள்ளிக்கூடம் ஏறியது, ஆனால் யாருக்காக? சமவெளியின் வெயிலில் ஐரோப்பியப் பிள்ளைகள் வாடிப்போவார்கள் என்பது அக்காலத்து வெள்ளையர் நம்பிக்கை. அதனால் இந்தியா முழுவதும் மலைகளைத் தேடிப் பள்ளி கட்டினார்கள். 1847இல் இமயமலைச் சாரலில் சனாவரில் லாரன்ஸ் பள்ளி. 1858இல் உதகையை அடுத்த லவ்டேலில் இன்னொன்று. இந்த வழியில் வந்தவைதான் மலை நகரங்களின் பெரிய பள்ளிகள். குளிர்காற்றைத் தேடி வந்தவை. குளிரிலே போர்வையில்லாமல் கிடந்த மலைப்பிள்ளையைத் தேடி வந்தவை அல்ல.

வெள்ளையன் போன பிறகாவது கணக்கு மாறிற்றா? நம் அரசியல் சட்டத்தைத் திறந்து பாருங்கள். 337ஆவது விதி ஆங்கிலோ-இந்தியர் கல்விக்கு முன்பிருந்த மானியத்தைப் பத்தாண்டுக் காலம் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே தொடர வேண்டும் என்று உத்தரவாதம் கொடுத்தது. மானியம் வாங்கும் பள்ளி ஆண்டுதோறும் நூற்றுக்கு நாற்பது இடத்தையாவது மற்றச் சமூகத்தாருக்குத் திறந்துவிட வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தது. அது நல்ல நிபந்தனையே. ஆனால் அந்த நாற்பதில் யார் நுழைந்திருக்க முடியும்? உண்டுறை விடுதிக் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளை. லைன் வீட்டுப் பிள்ளையா நுழையும்? தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 46ஆவது விதி இருந்தது. அவர்களுடைய கல்வி நலனைத் தனிக் கவனத்தோடு வளர்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. சொல்கிறது, அவ்வளவுதான். அது வழிகாட்டும் கொள்கை. நீதிமன்றத்தில் நின்று கேட்க முடியாது. ஒரு பக்கம் ரூபாய்க் கணக்கு, மறு பக்கம் நல்லெண்ணம்!

பிள்ளைகள் படிக்க உரிமை என்று 2009இல் சட்டம் வந்ததே, தனியார் பள்ளியில் நாலில் ஒரு பங்கு இடம் ஏழைக்கு என்றார்களே என்று தோழர்கள் கேட்கலாம். வந்தது உண்மை. ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் கல்வி நிலையங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிலையங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமையை நாம் மறுப்பவர்கள் அல்லர். மலைப் பிள்ளைக்கு வழி அந்த வாசலில் இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே போகிறோம்.

வழி எங்கே இருக்கிறது என்றால், சர்க்கார் உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறது. ஆரம்பப் பள்ளியில் அல்ல, உயர்நிலைப் பள்ளியில்! இதைத்தான் இந்தக் கட்டுரையில் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஏன் என்பதைத் தொழிலாளித் தோழர்கள் சட்டத்தின் வயதுக் கணக்கிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளிக்கு வீடு, மருத்துவம், குடிநீர், பிள்ளை பார்க்கும் இடம் எல்லாம் முதலாளி தர வேண்டும் என்ற சட்டம். போராடிப் பெற்ற நல்ல சட்டம். அதிலே பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பிரிவு இருந்தது. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் ஒரு தோட்டத்தில் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தால், முதலாளி கல்வி வசதி செய்து தரும்படி மாநில அரசாங்கம் விதி செய்யலாம். பன்னிரண்டு வயதோடு ஏன் நிறுத்தினார்கள்? அதே சட்டத்தின் இன்னொரு பிரிவைப் பாருங்கள்: பன்னிரண்டு வயது முடியாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. அதாவது பன்னிரண்டு முடிந்தால் வைக்கலாம்! பள்ளிக்கூடக் கதவை மூடுகிற வயதும் தோட்டத்துக் கதவைத் திறக்கிற வயதும் ஒன்றே. இரண்டு பிரிவையும் எழுதிய பேனாவும் ஒன்றுதான்.

இதிலே நம் நாடு தனி என்று எண்ண வேண்டாம். மலேயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே, ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி வைக்க வேண்டும் என்று கூறியது. கித்தான் காட்டில் தமிழ்ப் பள்ளிகள் முளைத்தது அப்படித்தான். ஆனால் அவையும் ஆரம்பப் பள்ளிகளே. பால் வெட்டப் போகிறவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும் என்பது துரையின் கணக்கு. இலங்கை மலையகத்திலும் லயத்துப் பள்ளி சில வகுப்புகளோடு நின்றது. அந்த எல்லையைத் தாண்டி ஆசிரியர், வக்கீல் என்று ஒரு தலைமுறை எழுந்ததற்கு ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியைப் போல நகரத்திலே நின்ற மேல் வகுப்புப் பள்ளிகளே காரணம். தோட்டத்துப் பிள்ளை கங்காணியைத் தாண்டி மேலே போனதெல்லாம் உயர்நிலைப் பள்ளி வழியாகத்தான்.

சரி, நம் சட்டத்துக்கு வருவோம். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து வயதைப் பதினான்காக்கினார்கள். 2002இல் அரசியல் சட்டத்தைத் திருத்திக் கல்வியை அடிப்படை உரிமையாக்கினார்கள். எத்தனை வயது வரை? பதினான்கு வரை. எந்த வகுப்பு வரை? எட்டாம் வகுப்பு வரை. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது பதினான்கு முதல் பதினெட்டு வரை உள்ளவர்களைச் சுரங்கம், வெடிமருந்து முதலிய ஆபத்தான வேலைகளில் மட்டும் வைக்கக் கூடாது என்றார்கள். காப்பிப் பழம் பறிப்பது அதில் இல்லை. பன்னிரண்டு பதினான்காகியிருக்கிறது, அந்த இரண்டாண்டைக் குறைத்து மதிப்பிட மாட்டோம். ஆனால் கதவுகள் இரண்டும் இன்னும் ஒரே வயதில்தான் நிற்கின்றன. எட்டாம் வகுப்பு முடிந்த சித்திரை மாதத்தில், சட்டம் பிள்ளையின் கையை விட்டுவிட்டு இறங்கிக்கொள்கிறது. 1951இன் தோட்டச் சட்டமும் 2020இல் நிறைவேறிய புதிய தொகுப்புச் சட்டத்திற்குள் கரைக்கப்பட்டுவிட்டது.

நாம் நேரில் கண்டதை இங்கே சொல்ல வேண்டும். தலைச்சோலைப் பக்கம் ஒரு தோட்டத்தின் லைன் வீட்டில் ஒரு தொழிலாளியைச் சந்தித்தோம். நம்மைச் "சாமி" என்றழைத்தார். சாமியும் வேண்டாம் பூதமும் வேண்டாம், தோழர் என்று சொல்லுங்கள் என்றோம். சிரித்துவிட்டு, "செரிங்க சாமி" என்றார்! மூத்த மகள் எட்டாம் வகுப்பு முடித்துப் போன ஆண்டு நின்றுவிட்டாள். காப்பிப் பழம் சிவந்து கிடக்கிற காலம். தாயோடு பறிக்கப் போயிருந்தாள். ஏன் நிறுத்தினீர்கள், பிள்ளைகளுக்குப் பஸ் பாஸ் இலவசமாயிற்றே என்று கேட்டோம்.

"பாஸு இருக்குதுங்க. பஸ்ஸுதான் இல்லீங்க" என்றார்.

ஓர் ஆண்டுக் கல்வி அறிக்கை முழுவதையும் படித்தாலும் இவ்வளவு தெளிவாக விஷயம் விளங்காது. காலையில் வரும் பஸ் பள்ளி மணி அடித்த பிறகு ஏற்காடு போய்ச் சேருகிறது. மாலைப் பஸ் இருட்டிய பின் வருகிறது. இடையிலே நடக்க வேண்டும். ஆண்பிள்ளை என்றால் நடக்கிறான். அவனும் மழைக்காலத்தில் பாதி நாள் நின்றுவிடுகிறான். பெண்பிள்ளையைத் தனியே அனுப்பத் தாய் அஞ்சுகிறாள். காட்டெருமை மேய்கிற வழி அது. காட்டெருமையைவிடவும் வேறொன்றுக்கே தாய் அதிகம் அஞ்சுகிறாள் என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மாலையில் அந்தப் பெண் வந்தாள். கை முழுவதும் காப்பிப் பழக் கறை. அந்த லைன் முழுவதற்கும் எடைக் கணக்கு எழுதி வைப்பவள் அவள்தான் என்று தந்தை பெருமையோடு சொன்னார். யார் எத்தனை கிலோ பறித்தார்கள், கணக்கப்பிள்ளை எத்தனை எழுதினார், வார முடிவில் எவ்வளவு வர வேண்டும் என்று ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு எழுதியிருந்தாள். ஒரு கிழவியின் கணக்கில் மூன்று கிலோ குறைந்திருந்ததை அவள் கண்டுபிடித்துக் கேட்டுத் திருத்தி வாங்கிக் கொடுத்தாளாம். தோழர்களே, எட்டாம் வகுப்புக் கணக்கு மூன்று கிலோவை மீட்டுக் கொடுத்தது! இன்னும் நாலாண்டு படித்திருந்தால் என்னவெல்லாம் மீட்டிருப்பாள் என்று தோட்டக்காரருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டோம். நோட்டைக் காட்டினாள், வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

நம் நாட்டிலே இந்தத் தூரத்தைப் பற்றி யாருமே கவலைப்படவில்லை என்று சொல்ல முடியாது. மான்போர்ட் பள்ளி தொடங்கிய அதே 1917இல் மலையடிவாரத்தில் சேலம் நகராட்சித் தலைவராக வந்தவர் இராசகோபாலாச்சாரியார். அவரே 1953இல் முதலமைச்சராக இருந்து, கிராமத்துப் பிள்ளைகள் அரை நேரம் பள்ளியில் படித்தால் போதும், மீதி நேரம் தகப்பன் தொழிலைப் பார்க்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். தச்சன் மகன் உளி பிடிப்பான், குயவன் மகன் சக்கரம் சுற்றுவான் என்றெல்லாம் அதற்கு அழகாக விளக்கம் சொன்னார்கள். சேர்வராயன் மலையில் தகப்பன் தொழில் என்ன? பரம்பரை பரம்பரையாகக் கற்றுக்கொடுக்க அங்கே துரையின் தோட்டத்துக் கூலியைத் தவிர வேறென்ன இருந்தது? நாடெங்கும் எழுந்த எதிர்ப்பிலே ஆச்சாரியார் விலகினார். காமராசர் முதலமைச்சரானார். 1954 மே மாதம் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அதற்குப் பின் நடந்ததைக் கட்சி வேற்றுமை பாராமல் ஒப்புக்கொள்ள வேண்டும். 1956இல் மதிய உணவு. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தி, ஊராரிடமே கட்டடமும் பெஞ்சும் கடிகாரமும் வாங்கிப் பள்ளிக்குச் சேர்த்தார். ஐந்து மைலுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளி என்ற பேச்சு எழுந்தது அந்தக் காலத்திலேதான். 1982இல் மதிய உணவு சத்துணவாகி விரிந்தது. 1984இல் பதினைந்து வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கும் நீண்டது. 1978இல் பதினோராம் வகுப்போடு முடிந்த பழைய முறை போய்ப் பத்து, அதற்கு மேல் இரண்டு என்ற மேல்நிலை வகுப்பு வந்தது. 2009இல் மத்திய சர்க்கார் ஐந்து கிலோமீட்டருக்குள் உயர்நிலைப் பள்ளி என்று அளவு வகுத்தது. மைல் கிலோமீட்டராகச் சுருங்கியது முன்னேற்றமே.

ஆனால் அளவுகோல் யாருடையது? சமவெளிக்காரனுடையது. தஞ்சாவூரில் ஐந்து கிலோமீட்டர் என்றால் ஒரு சைக்கிள் மிதி. சேர்வராயன் மலையில் ஐந்து கிலோமீட்டர் என்றால் ஒரு பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறு மேட்டில் ஏறுவது. சர்க்கார் கொடுக்கிற இலவசச் சைக்கிளை அங்கே பிள்ளை ஓட்டிப் போக முடியாது. பாதி வழி தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் நல்ல திட்டம், பசியோடு வருகிற பிள்ளைக்கு அன்னமிட்ட திட்டம். அது தொடங்கியபோது ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்று தொடங்கியது. அதிக தூரம் நடக்கிற பிள்ளை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையல்லவா? விடியுமுன் கிளம்புகிறவனுக்கு வீட்டில் என்ன ஆகியிருக்கும்? உரிமைச் சட்டமும் எட்டோடு, பெற்றோர் பயமும் எட்டோடு, பஸ்ஸும் எட்டு மணிக்கு மேலே! எல்லாம் சேர்ந்து ஒன்பதாம் வகுப்பின் வாசலில்தான் வந்து நிற்கின்றன.

இந்த முடிச்சை அவிழ்க்கக் கண்ட வழி, சாப்பாடும் தங்கும் இடமும் கொடுத்துப் படிக்க வைக்கிற அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. பிள்ளை தினமும் நடக்க வேண்டாம். பள்ளியிலேயே தங்கிப் படிக்கட்டும் என்ற ஏற்பாடு. பணக்காரன் பிள்ளைக்கு 1917இல் கிடைத்த அதே ஏற்பாடுதான்! மலைக்காற்று, விடுதி, படிப்பு மூன்றும் ஒரே இடத்தில் என்றால் அது துரைமார் பிள்ளைக்கு மட்டும் பொருந்துவதா? பலன் இல்லையா என்று கேட்பவர்கள் இதே சேலம் மாவட்டத்துக் கல்வராயன் மலையைப் பார்க்கட்டும். கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மலையாளிப் பெண் ஒருவர் 2025ஆம் ஆண்டு அகில இந்திய நுழைவுத் தேர்வில் தேறிச் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றார். பெயரை இங்கே எழுதாமல் விடுகிறோம்; பத்திரிகைக்காரர்கள் அந்தப் பெண்ணை வேண்டிய அளவு படம் பிடித்துவிட்டார்கள். நாம் பார்க்க வேண்டியது பள்ளியை. பெரும் பணம் கட்டி இரண்டாண்டு தனிப் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் முட்டி மோதுகிற வாசலுக்குள், விடுதிச் சோறு தின்று படித்த மலைப் பெண் நுழைந்திருக்கிறாள்.

இப்பள்ளிகளைப் பற்றி ஒரு வழக்கு இப்போது நடக்கிறது. நீதிமன்றத்தில் அல்ல, மேடைகளிலும் ஆசிரியர் சங்கங்களிலும். இவற்றை நடத்துவது பள்ளிக் கல்வித் துறை அல்ல. ஆதிதிராவிடர் பழங்குடியினர் நலத் துறை. 2023 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில், பல துறைகள் நடத்தும் பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கப் போவதாகத் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. 2024 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு கொடுத்த அறிக்கையும் இணைக்கச் சொன்னது. சாதி பார்த்துப் பள்ளிக்குப் பெயர் வைத்திருப்பது ஏன், எல்லாப் பிள்ளையும் ஒரே துறையில் படிக்கட்டுமே என்பது இணைக்கச் சொல்பவர் வாதம். நியாயமான வாதம். தனித் துறை போனால் தனி நிதியும் தனிக் கவனமும் போய்விடும், கூட்டத்தில் நம் பிள்ளை காணாமற் போகும் என்பது கூடாதென்பவர் அச்சம். அதுவும் வீண் அச்சமன்று. பெரிய துறையின் மேசையில் சிறிய பள்ளியின் காகிதம் எத்தனை நாள் அடியில் கிடக்கும் என்பதைச் சர்க்கார் ஆபீசுக்கு ஒரு முறை போனவரும் அறிவார்.

நம் கருத்தைக் கேட்டால், பலகையில் எந்தத் துறையின் பெயர் இருக்கிறது என்பதற்குப் பிறகு வருகிறோம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கணக்கு ஆசிரியர் வந்துவிட்டாரா, விடுதியில் சமைக்க ஆள் இருக்கிறதா, பெண்கள் விடுதிக்குப் பெண் காப்பாளர் இரவில் தங்குகிறாரா, மலைக்கு மாற்றல் கிடைத்த ஆசிரியர் அதைத் தண்டனை என்று எண்ணி இறங்கும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாரா என்பவை முதலில். மலையில் வேலை பார்க்கிற ஆசிரியருக்குக் குடியிருக்க நல்ல வீடு கட்டிக் கொடுக்காமல், அவர் தினமும் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறார் என்று குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கும் அதே பஸ்தான்! இணைப்பு என்ற பெயரில், பிள்ளைகள் குறைவு என்று காரணம் காட்டி மலைப் பள்ளி எதையும் மூடுவதானால் மட்டும் அதை நாம் ஒருபோதும் ஒத்துக்கொள்ள முடியாது. மலையிலே ஊர் சிறிது. பிள்ளை எண்ணிக்கை சிறிதாகத்தான் இருக்கும். ஏற்காடு ஒன்றியத்தின் ஒன்பது ஊராட்சிகளிலும் சிதறிக் கிடக்கிற சிற்றூர்களைப் பெருக்கித் தள்ளி ஓரிடத்தில் குவிக்கவா முடியும்?

இன்னொரு சங்கடம், காகிதம். பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் கொடுக்க முடியாது. கோட்டாட்சியர் விசாரித்துக் கொடுக்க வேண்டும். போலியாக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஆகவே கடுமை வேண்டும் என்பது சரியே. ஆனால் அந்தக் கடுமை யார் தலையில் விழுகிறது? தகப்பனுக்கும் சான்றிதழ் இல்லை, பாட்டனுக்கும் இல்லை, எதைக் காட்டுவது என்று லைன் வீட்டுக்காரர் கேட்கிறார். மலையிலே பிறந்து மலையிலே சாகிறவன் தான் மலையாளிதான் என்று மெய்ப்பிக்கக் கூலியை இழந்து கீழே இறங்கி அலைய வேண்டியிருக்கிறது. சட்டமன்றத்திலே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இரண்டே தொகுதிகளில் ஒன்று ஏற்காடு. தேர்தல் காலத்தில் அவர்கள் மலையாளிகள் என்பதில் எந்தக் கட்சிக்கும் சந்தேகம் வருவதில்லை. சான்றிதழ் கேட்டால்தான் வருகிறது. நம்முடைய கட்சிக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறோம்.

ஆகவே மலைக் கிளைகளில் உள்ள தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பொதுக்கூட்டம் போடும் வேலையல்ல. அதை யாரும் செய்துவிடுவார்கள். ஒவ்வொரு ஊரிலும் இந்த ஆண்டு எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளை யார், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தது யார், சேராதது யார், ஏன் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். முன்பே நின்றுபோன பிள்ளைகளையும் விடாமல் எழுதுங்கள். பஸ் காரணமா, சான்றிதழ் காரணமா, விடுதியில் இடம் இல்லையா, காப்பிப் பறிப்பா என்று தனித்தனியே எழுதுங்கள். அந்த நோட்டோடு போனால் போக்குவரத்துக் கழக மேலாளரிடம் பஸ்ஸை ஒரு மணி நேரம் முன்னால் விடச் சொல்லிக் கேட்கலாம். வெறும் கையோடு போனால் ஆகட்டும் பார்க்கலாம் என்றுதான் பதில் வரும். எப்படிக் கோடு போட்டு எழுதுவது என்று தெரியாவிட்டால் தலைச்சோலைப் பக்கத்து லைன் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அந்தப் பெண்ணுக்கு உறைவிடப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இடம் கேட்டு மனு எழுதியாயிற்று. சான்றிதழுக்காகத் தந்தையும் உள்ளூர்க் கிளைத் தோழர் ஒருவரும் இரண்டு முறை மலையிறங்கிப் போய் வந்திருக்கிறார்கள். மூன்றாம் முறை அடுத்த திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம்.